மூலக்கூறுக்குப் பாவம் உண்டா?

முகப்பூச்சுப் புட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. வாசிக்கிறவர்கள் இரண்டு வகை. தோலுக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு வகை. மனசுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினருக்காகவே இப்போது புட்டியின் முன்பக்கத்திலும் கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு வரி வரத் தொடங்கியிருக்கிறது: ‘தாவரத்திலிருந்து பெறப்பட்ட ஸ்குவாலேன்.’

அந்த வரி நமக்கு என்ன வாக்குறுதி தருகிறது? பூச்சு நல்லா வேலை செய்யும் என்றா? இல்லை. ஸ்குவாலேன் எங்கிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். அந்த வரி சொல்வது வேறு: ‘இதைப் பூசிக்கொள்வதால் உனக்குப் பாவம் இல்லை.’ சரும அழகுக்கான ஒரு பண்டம், வாங்குபவரின் பாவ புண்ணியத்தையும் சேர்த்து விலை பேசுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எண்ணெயின் வரலாறு

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஸ்குவாலேன் நிறமும் மணமும் இல்லாத ஓர் எண்ணெய். தோலில் தேய்த்தால் பிசுபிசுக்காது. தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைத்து அதை மென்மையாக வைத்திருக்கும். இது தோலுக்கு இவ்வளவு ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. இதன் நெருங்கிய உறவான ஸ்குவாலீனை நம் உடம்பே தயாரிக்கிறது. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஸ்குவாலீன்தான். உடலுக்குள் கொலஸ்டிரால் உருவாகும் பாதையிலும் இது ஒரு படி. ஸ்குவாலீனில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். அதில் ஹைட்ரஜனை ஏற்றி அந்தப் பிணைப்புகளை நிரப்பிவிட்டால் கெடாமல் நிற்கும். அப்படி நிரப்பியது ஸ்குவாலேன். ‘லீ’ என்பது ‘லே’ ஆகிவிட்டது, அவ்வளவுதான் பெயர் வித்தியாசம்.

அந்தப் பெயரே பிறப்புச் சான்றிதழ். ஸ்குவாலஸ் என்பது சுறாக்களில் ஒரு பேரினம். ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் சுறா ஈரல் எண்ணெயில் இந்தப் பொருளை அடையாளம் கண்டார். சுறாவுக்கு மற்ற பல மீன்களுக்கு இருப்பதுபோல் காற்றுப்பை கிடையாது. ஆழ்கடலில் மூழ்கிவிடாமல் மிதக்க அதற்குத் துணை செய்வது அதன் பெரிய ஈரலும் அதில் நிறைந்திருக்கும் இலேசான எண்ணெயும்தான். சில ஆழ்கடல் சுறாக்களில் ஈரல் மட்டுமே உடல் எடையில் கால் பங்கு வரை இருக்கும். அந்த ஈரல் எண்ணெயில் பாதிக்கு மேல் ஸ்குவாலீனாகவே இருக்கும் இனங்களும் உண்டு. கடலின் அடியிருட்டில் ஓர் உயிரை மிதக்க வைத்த பொருள், மேலே ஒரு முகத்தைப் பளபளக்க வைக்கப் பயன்பட்டது.

இங்கேதான் சிக்கல். ஆழ்கடல் சுறா, மத்தி மீன் மாதிரி கோடிக்கணக்கில் பெருகும் உயிர் இல்லை. சென்ட்ரோபோரஸ் என்ற பேரினத்துச் சுறாக்கள் முதிர்ச்சி அடையவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஈனும் இனமும் அவற்றில் உண்டு. மாலத்தீவில் 1980களில் ஈரல் எண்ணெய்க்காகத் தொடங்கிய ஆழ்கடல் சுறா வேட்டை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சரிந்து ஓய்ந்தது. வலை போட ஆள் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, பிடிக்கச் சுறா இல்லை. 2012இல் பிரான்சின் ப்ளூம் என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு, உலகத்தின் ஸ்குவாலீன் தேவைக்காக ஆண்டுக்குக் குறைந்தது 30 லட்சம் ஆழ்கடல் சுறாக்கள் கொல்லப்படுவதாக மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு அழகுசாதனத் தொழிலுக்குப் போனது.

மாற்றம் இரண்டு திசையிலிருந்து வந்தது. ஆலிவ் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கழிவில் ஸ்குவாலீன் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு கலிபோர்னியாவின் அமைரிஸ் நிறுவனம் வேறொரு வழி கண்டது. கரும்புச் சர்க்கரையைத் தின்று பார்னசீன் என்ற பொருளைத் தரும்படி ஈஸ்டின் மரபணுக்களை மாற்றியமைத்தார்கள். இரண்டு பார்னசீனை இணைத்து ஹைட்ரஜன் ஏற்றினால் ஸ்குவாலேன். பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநிலத்துக் கரும்பு வயல்களின் நடுவே ஆலை எழுந்தது. இதற்கிடையே 2008இல் யூனிலீவரும் லோரியாலும் தங்கள் பொருட்களில் சுறா ஸ்குவாலீனைக் கைவிடப்போவதாக அறிவித்தன.

“ஒண்ணுதானே மாமா?”

என் தங்கை மகள் வேதியியலில் முதுகலை படிக்கிறாள். இந்த விஷயத்தை அவளிடம் சொன்னபோது அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“மாமா, சி முப்பது, எச் அறுபத்திரெண்டு. சுறால இருந்து எடுத்தாலும் அதான், கரும்புல இருந்து எடுத்தாலும் அதான். ரெண்டையும் ரெண்டு டெஸ்ட் ட்யூப்ல வச்சுக் குடுத்தா உங்களால மட்டுமில்ல, யாராலயும் பாத்துச் சொல்ல முடியாது. அப்புறம் ஒண்ணு பாவம், ஒண்ணு புண்ணியம்னா அது எங்க இருக்கு? எண்ணெய்க்குள்ளயா?”

நல்ல கேள்வி. பொருளின் குணம் அதன் அமைப்பில் இருக்கிறது. அதன் வரலாறு அதன் குணங்களில் ஒன்று இல்லை. எனவே வரலாற்றை வைத்து அதைப் பழிப்பது ஒருவிதத் தீட்டு மனப்பான்மை. தர்க்கப்படி இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதில்லை.

ஆனால் அவள் சொன்னதில் வேதியியலாகவே ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கரிமத்தில் கொஞ்சம் கனமான ஒரு வகை, கரிமம்-13, இயற்கையில் நூற்றில் ஒன்று என்ற அளவில் கலந்திருக்கிறது. கரும்பு ஒளிச்சேர்க்கை செய்யும் விதமும் ஆலிவ் மரம் செய்யும் விதமும் வேறு. அதனால் இந்தக் கனமான கரிமம் கரும்பில் சற்றுக் கூடுதலாகவும் ஆலிவில் சற்றுக் குறைவாகவும் தங்குகிறது. கடல் உணவுச் சங்கிலியில் வளர்ந்த சுறா இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசம்தான். தோலுக்கு அது தெரியாது. தகுந்த கருவிக்குத் தெரியும். 2015இல் ப்ளூம் அமைப்பு கடைகளில் விற்ற 72 முகப்பூச்சுகளைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் சுறாவின் தடம் இருந்தது. அறிவிப்புகள் வந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு!

இதை அவளிடம் சொன்னேன். “சரி, கண்டுபிடிக்க முடியும். ஆனா கண்டுபிடிக்க முடியறதுங்கிறதும் தப்புங்கிறதும் வேற வேற இல்லையா?” என்றாள். அதுவும் சரி. கரிமம்-13 ஒரு சாட்சி, அவ்வளவுதான். பாவம் அணுவுக்குள் ஒட்டியிருக்கிறது என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. நாளைக்கே யாராவது அந்தத் தடத்தையும் அழித்துவிட்டால் தவறும் அழிந்துவிடுமா என்ன?

ஆக, பொருளுக்குள் தேடுவதை நிறுத்திவிட வேண்டியதுதான். மூலக்கூறுக்குப் பாவம் கிடையாது. அப்படியானால் எங்கே தேடுவது?

வாங்குகிறவனும் கொல்கிறவனும்

இந்தக் கேள்வி நம் நாட்டில் புதியதில்லை. பௌத்தத்தில் பிக்குகள் இறைச்சி உண்பது பற்றி ஒரு விதி உண்டு. அந்த உயிர் தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்ற சந்தேகமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணலாம். இந்த விதியில் ஓர் ஆழமான நியாயம் இருக்கிறது. தவறு செயலில் இருக்கிறது, பொருளில் இல்லை. கொலையோடு எனக்கு எண்ணத்தாலும் செயலாலும் தொடர்பு இல்லாதபோது இறந்த உடல் வெறும் பொருள்தான். என் தங்கை மகளின் கட்சி ஏறத்தாழ இதுதான்.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதற்கு எதிரான ஒரு வாதம் இருக்கிறது. தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால் விலைக்காக விற்பவனும் இருக்க மாட்டான் என்பது அதன் சாரம். அதைப் பௌத்தர்களுக்கான பதிலாக வாசிப்பவர்களும் உண்டு. வாசிப்பு எப்படியிருந்தாலும், வாதத்தின் அமைப்பு இன்றைய பொருளியல் மாணவருக்கு உடனே புரியும். தேவைதான் வழங்கலை உண்டாக்குகிறது. நான் கத்தியைத் தொடவில்லை, ஆனால் நான் நீட்டிய காசுதான் கத்தியைத் தூக்கியது.

இரண்டும் மோதுவதுபோலத் தெரிந்தாலும், கூர்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு நிலைமைகளைப் பற்றிப் பேசுகின்றன. பிக்கு வாங்குவதில்லை, ஏற்கிறார். அவர் பாத்திரத்தில் விழுந்தது அவர் கேட்டதில்லை. அவர் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அடுத்த நாள் சந்தையில் ஒரு மாற்றமும் இல்லை. கடையில் நிற்பவர் நிலை அப்படியில்லை. அவர் தரும் காசு, எடுத்துக்கொண்ட புட்டிக்கான விலை மட்டுமில்லை. காலியான அந்த இடத்தில் இன்னொரு புட்டியைக் கொண்டுவந்து வை என்ற உத்தரவும் அதில் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. புட்டியில் இருக்கும் எண்ணெய்க்காகச் செத்த சுறா செத்துவிட்டது. அதற்கு நாம் இனி செய்யக்கூடியது எதுவுமில்லை. நம் காசு பேசுவது, இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருக்கும் சுறாவைப் பற்றி. பொறுப்பு பின்னோக்கிப் பார்ப்பதல்ல, முன்னோக்கிப் பார்ப்பது.

“என் ஒருத்தி வாங்காம விட்டா என்ன ஆகிடும்? ஒரு சுறா கூடப் பிழைக்காது” என்றால்? உண்மைதான். ஒரு புட்டிக்கும் ஒரு சுறாவுக்கும் நேர்க் கணக்கு இல்லை. ஆனால் வாக்குச் சீட்டுக்கும் இதே நிலைதான். ஒரு வாக்கால் ஆட்சி மாறுவது மிக அரிது என்றாலும் ஆட்சிகள் வாக்குகளால்தான் மாறுகின்றன. தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாதது சேர்ந்தால் எல்லாமாகிறது என்பது, பங்கெடுத்தவர் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று ஆக்கிவிடாது.

பாதி தீர்ந்த புட்டி

இந்த முன்னோக்கிய பொறுப்பை ஒரு சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். உங்கள் அலமாரியில் பாதி தீர்ந்த ஒரு பழைய புட்டி. அதில் இருப்பது சுறா எண்ணெய் என்று இன்றைக்குத் தெரியவருகிறது. அந்த நிறுவனம் பூச்சுத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. நீங்கள் அதைப் பூசினாலும் எறிந்தாலும் கடலில் ஒரு மாற்றமும் இல்லை. என்ன செய்வீர்கள்?

நான் கேட்ட வரையில் பெரும்பாலோர் சட்டென்று சொன்னது, “தூக்கிப் போட்ருவேன்.” ஏன் என்றால், “என்னமோ மாதிரி இருக்கும்.” ஒரே ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். “செத்தது செத்துப்போச்சு. அதைக் குப்பையில வேற போடணுமா?”

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் இந்தக் கேள்வியின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘என்னமோ மாதிரி’ என்பது சுத்தம் பற்றிய உணர்வு. பெரியவர் சொன்னது கடன் பற்றிய உணர்வு. முதலாமவருக்குத் தான் அழுக்காகிவிடக் கூடாது. இரண்டாமவருக்கு அந்த உயிர் வீணாகிவிடக் கூடாது. முன்னதில் மையம் நான். பின்னதில் மையம் சுறா.

காந்தி இந்தப் பிரச்சினையைத் தோலில் சந்தித்தார். செருப்புத் தைக்கத் தெரிந்தவர் அவர். தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது கற்றுக்கொண்ட தொழில். கொல்லப்பட்ட மாட்டின் தோலைத் தவிர்த்து, தானாக இறந்த மாட்டின் தோலில் செய்த செருப்பை அவர் ஊக்குவித்தார். அகிம்சைச் செருப்பு என்றே அதற்குப் பெயர். தோல் தோல்தான், காலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் மாடு எப்படி இறந்தது என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

அந்தக் கதையில் நாம் வசதியாகத் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. தானாக இறந்த மாடு தானாகச் செருப்பாகாது. யாரோ அதைத் தூக்கிப் போக வேண்டும், உரிக்க வேண்டும், பதப்படுத்த வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களை இந்தச் சமூகம் ஊருக்கு வெளியே நிறுத்தியது. செருப்பை அணிந்தவருக்குத் தீட்டு இல்லை, செய்தவருக்குத் தீட்டு. காந்தி இதை அறியாதவர் அல்ல. தோல் பதனிடுவதை ஆசிரம வேலையாக அவர் ஆக்க நினைத்ததற்கு இதுவும் காரணம். ஆனால் நம்முடைய பழக்கம் அதற்கு நேர்மாறானது. சுத்தத்தை நாம் வைத்துக்கொள்வோம், அதைச் சாத்தியமாக்கும் அழுக்கை இன்னொருவர் தலையில் ஏற்றுவோம்.

‘தாவரத்திலிருந்து’ என்ற வரியை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். அது பொறுப்பின் மொழியில் பேசுவதுபோல் தோன்றினாலும், நம் காதில் விழுவது சுத்தத்தின் மொழியாக. 2014இல் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாவற்றுக்கும் உணவுப் பொட்டலங்களைப் போலப் பச்சைப் புள்ளியோ, சிவப்பு அல்லது பழுப்புப் புள்ளியோ இடச் சொல்லி மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அந்தப் புள்ளி உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். அதைச் செய்தவர்கள் என்ன பட்டார்கள் என்று சொல்லாது. இரண்டையும் சொல்ல வேறு வேறு நிறம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கரும்பு சைவமா?

கரும்பைப் போல வரலாறு கனத்த தாவரம் அதிகமில்லை. பிரேசில், அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல்தான் அடிமை முறையை ஒழித்தது. அதுவரை அங்கே சர்க்கரை என்றால் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. நமக்கும் இதில் பங்கு உண்டு. 1860இல் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. அதில் நிறையத் தமிழர்கள். பிறகு பிஜிக்கும் போனார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியது எல்லோருக்கும் தெரியும். விலங்கின் ரத்தம் படாத பண்டம் என்பதற்காகச் சர்க்கரையைச் சைவம் என்று சொல்லலாம்தான். மனித ரத்தத்துக்கு நம்மிடம் புள்ளி கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ‘எல்லாவற்றிலும் ரத்தம் இருக்கிறது, அதனால் எதை வாங்கினால் என்ன’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அளவு முக்கியம். அன்றைய நேட்டாலின் பாவத்தை இன்றைய ஸ்குவாலேன் ஆலையின் தலையில் கட்ட முடியாது. இரண்டு ஆண்டு சுமந்து ஒரு குட்டி ஈனும் உயிரை அழிப்பதும் ஆண்டுக்கு ஆண்டு மறுதாம்பு விட்டுத் தழைக்கும் ஒரு பயிரை வெட்டுவதும் சமமில்லை. கரும்பு ஸ்குவாலேன் சுறா ஸ்குவாலேனைவிட நல்லது. ஆலிவ் ஸ்குவாலேன், ஏற்கெனவே நடக்கும் வேலையின் கழிவிலிருந்து வருவதால், பல வகையில் இன்னும் நல்லது. ‘மேலானது’ என்று சொல்லலாம். ‘குற்றமற்றது’ என்பது வேறு சொல். புட்டியின் முன்பக்க வரி முதல் சொல்லைக் காட்டி இரண்டாவது சொல்லை விற்கிறது.

நல்ல எண்ணம் இல்லாத நன்மை

இன்னொரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின் போது வைட்டமின் ஏ கிடைக்கும் வழிகள் அடைபட்டபோது, உலகம் சுறா ஈரலின் பக்கம் திரும்பியது. மதராஸ் மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் ஆலை நடத்தியது. கலிபோர்னியாக் கரையில் சூப்ஃபின் சுறாக்கள் சில ஆண்டுகளிலேயே அருகிப்போகும் அளவுக்கு வேட்டையாடப்பட்டன. நாற்பதுகளின் இறுதியில் செயற்கை வைட்டமின் ஏ மலிவாக வந்ததும் அந்த வேட்டை நின்றது. ஒருவர் மனமும் மாறவில்லை, விலை மாறியது.

செய்யும் செயல் சரியாக இருந்தும் அது கடமைக்காக இல்லாமல் லாபத்துக்காகச் செய்யப்பட்டால் அதற்கு அறமதிப்பு இல்லை என்று கான்ட் சொல்வார். வாடிக்கையாளர் போய்விடக் கூடாதே என்று நியாய விலைக்கு விற்கும் கடைக்காரர் அவருடைய உதாரணம். அந்தக் கணக்கில் செயற்கை வைட்டமின்காரர்களுக்குப் புண்ணியம் எதுவும் இல்லை. இருக்கட்டும். ஆனால் சுறாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். தூண்டிலில் தொங்குபவருக்கு, கயிற்றை அறுத்தவரின் உள்நோக்கம் ஒரு பொருட்டா?

இதை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். நடந்தது நல்லதா என்ற கேள்விக்குச் சுறா பதில் சொல்லும். செய்தவர் நல்லவரா என்ற கேள்விக்குக் கான்ட் பதில் சொல்வார். இரண்டையும் குழப்பும்போதுதான் விளம்பரம் உள்ளே நுழைகிறது. ஒரு நிறுவனம் விலை, தொடர்ச்சியான வரத்து, சீரான தரம் ஆகிய காரணங்களுக்காகக் கரும்புக்கு மாறலாம். அது நல்ல விஷயம், வரவேற்போம். ஆனால் அதை நமக்குக் கருணையாக விற்கும்போது இரட்டை விலை வாங்குகிறது. விலை காரணமாக வந்த நன்மைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. விலை திரும்பினால் நன்மையும் திரும்பிப் போய்விடும். 2015இன் 72 பூச்சுகள் காட்டியது அதைத்தான். எங்கே கண்காணிப்பு தளர்ந்ததோ, எங்கே சுறா எண்ணெய் மலிவாகக் கிடைத்ததோ, அங்கே மனசாட்சியின் வேலை நின்றுபோனது. அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் சட்டம், சோதனைச் சாலை, கரிமம்-13 எல்லாம்.

தேவை என்பது எது?

ஸ்குவாலீனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சில தடுப்பூசிகளில் உடலின் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாக அது சேர்க்கப்படுகிறது. 1997இல் இத்தாலியில் அனுமதி பெற்ற முதியவர்களுக்கான ஃப்ளூ தடுப்பூசியில் ஒரு ஊசிக்குச் சுமார் 10 மில்லிகிராம். அதற்கு வழக்கமான மூலம் சுறாதான். மருந்துக்கு வேண்டிய தூய்மையும், புதிய மூலத்தை அனுமதிக்க வேண்டிய நீண்ட சோதனைகளும் சேர்ந்து அங்கே மாற்றத்தைத் தாமதமாக்கின.

அதே மூலக்கூறு, அதே சுறா. ஒன்று எழுபது வயதுக்காரரின் நுரையீரலைக் காப்பாற்ற, ஒன்று கன்னத்துச் சுருக்கத்தைத் தள்ளிப்போட. நம்மில் பலருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ‘கொல்வது எப்போதும் தவறு’ என்று நம்புகிறவர் இரண்டையும் மறுக்க வேண்டும். ‘விலங்கு மனிதனுக்காகத்தான்’ என்று நம்புகிறவர் இரண்டையும் ஏற்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே வழி, ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது: இது எவ்வளவு வேண்டியது? வேறு வழி இருக்கிறதா? வேறு வழி இருந்தால், வேண்டியது என்ற சாக்கு அந்தக் கணமே செல்லாததாகிவிடுகிறது. தாவர ஸ்குவாலேன் செய்திருக்கும் உண்மையான காரியம் இதுதான். அது நம்மைச் சுத்தமாக்கவில்லை. நம்மிடமிருந்து ஒரு சாக்கைப் பறித்துக்கொண்டது. அமைரிஸ் நிறுவனமே மலேரியா மருந்துக்கான மூலப்பொருளை ஈஸ்டில் தயாரிக்கும் வேலையில் தொடங்கி, பின்னால் முகப்பூச்சுக்கு வந்து, 2023இல் திவாலுக்கு விண்ணப்பித்தது. தேவையும் ஆசையும் ஒரே சோதனைக் குடுவையில் எவ்வளவு பக்கத்தில் கிடக்கின்றன என்பதற்கு அது ஓர் உதாரணம்.

சுறாவை அறிந்தவர்கள்

கடைசியாக, இந்தப் பேச்சில் இதுவரை வராதவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். ஆயிரங்கால் தூண்டிலோடு அரபிக் கடலின் நடுவுக்குப் போய், வாரக்கணக்கில் தங்கித் திரும்புகிறவர்கள். 2017இல் ஒக்கிப் புயல் கொண்டுபோனவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் வேட்டைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது, கரையோர மக்களின் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது.

சுறாவுக்கும் நெய்தல் மக்களுக்கும் இருக்கும் உறவு புட்டிக்கும் முகத்துக்கும் இருக்கும் உறவு மாதிரி இல்லை. பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டுக் கொடுப்பது இன்றும் உண்டு. வணங்கி, பயந்து, பிடித்து, தின்று, சில சமயம் அதன் கடலிலேயே செத்தும் போகிறவர்கள். அவர்கள் செய்ததால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அழியும் இனம் அழியும் இனம்தான், யார் பிடித்தாலும். ஆனால் ஏதோ ஒரு தொலைதூர நகரத்துக் குளியலறையின் தேவைக்காக ஈரலுக்கு விலை ஏறியபோது கடலுக்குப் போனவர்கள் இவர்களைப் போன்ற மீனவர்கள். அதே குளியலறையின் மனசாட்சி விழித்துக்கொண்டு தாவரத்துக்கு மாறும்போது விலை இறங்கிக் கரையில் நிற்பவர்களும் அவர்களே. விலை ஏறியபோதும் யாரும் கேட்கவில்லை. இறங்கியபோதும் கேட்கவில்லை. நாம் சுத்தமாகிவிட்டோம், ‘சுறா கொல்கிறவன்’ என்ற பெயர் மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டது. செருப்புக் கதை இங்கேயும் திரும்ப வருகிறது.

தவறான ஒரு வேலையை நிறுத்தும்போது, அந்த வேலையைச் செய்யச் சொல்லிக் காசு நீட்டியவர்களுக்கு ஒரு கடன் மிஞ்சுகிறது. நிறுத்தியதோடு கடன் தீர்வதில்லை. மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருவதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம், சில வாரங்களுக்கானாலும். ஓர் இனத்தைக் காப்பாற்றுவதன் செலவை அந்த இனத்தின் அருகில் வாழும் ஏழைகளிடம் மட்டும் வசூலிக்கக் கூடாது என்பது அதே நியாயத்தின் நீட்சிதான்.

ஆகவே, தாவர ஸ்குவாலேனை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். சுறா ஸ்குவாலேனைவிட அது மேலானது, சந்தேகமே இல்லை. உண்மையிலேயே தாவரம்தானா என்று நிறுவனத்திடம் கேட்கவும் செய்யலாம். கேட்கிறவர்கள் கூடக் கூடத்தான் அந்தக் கரிமச் சோதனைக்கு மதிப்பு. முகத்தில் பூசாமலேயே இருந்துவிடலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். தங்கை மகளிடம் அதைக் கேட்டேன். “அதுக்கு நீங்க வேற ஆளப் பாருங்க மாமா” என்றாள். ஆனால் அடுத்த வாரம் தன் பூச்சுப் புட்டியின் நிறுவனத்துக்கு, ஸ்குவாலேன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இதுவரை பதில் வரவில்லை.